பழைய காருக்கு ஸ்டியரிங் பாகம் தேடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் பாகம் கிடைக்காவிட்டால் பழைய கார் ஷெட்டில் நிற்கும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. ஸ்டியரிங் பாகம் தேய்ந்தாலும் கார் ஓடிக்கொண்டே இருக்கும், வம்பே அதில்தான் இருக்கிறது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், கை பழகிக்கொள்ளும், வேறு யாராவது ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு "என்னங்க இது, படகு மாதிரி போகுது" என்று சொன்ன பிறகுதான் தேடலே ஆரம்பிக்கும். அப்படித் தேட ஆரம்பித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

ஸ்டியரிங் ஆடுகிறது. பாக்ஸ் போய்விட்டது என்கிறார்கள். முதலில் எதைத் தேடுவது?

எதையும் தேடாதீர்கள். எங்கே ஆடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எல்லாப் பழியும் ஸ்டியரிங் பாக்ஸ் (வீலின் சுழற்சியைக் கம்பிகளுக்குக் கடத்தும் கியர் பெட்டி) மேல்தான் விழும், ஏனென்றால் அது பெரிசு, கண்ணுக்குத் தெரியும். உண்மையில் பல கார்களில் முதலில் தேய்வது டை ராடு எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு), ஐட்லர் ஆர்ம் புஷ் (பாக்ஸுக்கு எதிர்ப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் ஆர்மின் உள்ளுறை), ஸ்டியரிங் ஷாஃப்டில் இருக்கும் ரப்பர் கப்ளிங் மாதிரியான சின்னச் சாமான்கள். இவை மாற்றச் சுலபம், பாக்ஸை விடக் கிடைப்பதும் சுலபம்.

இரண்டு பேர் வேண்டும். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும், வண்டியைத் தூக்காதீர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாக, சக்கரம் திரும்பாத அளவுக்குச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள், பாதி விரல் ஒரு பாகத்திலும் பாதி அடுத்த பாகத்திலும் படும்படி. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரல் நுனிக்குத் தெரிந்துவிடும், சின்ன 'டக்' ஒன்று தட்டும். ஸ்டியரிங் ஷாஃப்ட் திரும்புகிறது ஆனால் பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் ஆர்ம், டிராப் ஆர்ம் என்பதும் இதுவே) அசையவில்லை என்றால் மட்டும் பாக்ஸைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் நடுவில் உள்ள கப்ளிங்கை ஒருமுறை பார்த்துவிட்டு.

அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள், கீழே ஸ்டாண்டு கட்டாயம். சக்கரத்தை 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரிவது டை ராடு பக்கத்து ஆட்டம். 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரிவது கிங் பின், பால் ஜாயின்ட் (முன் சக்கரம் இடம் வலம் திரும்புவது இவற்றில்தான்), வீல் பேரிங் இவற்றில் ஒன்று. பேரிங்கா கிங் பின்னா என்று குழம்பினால் உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காமல் ஆடினால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட்.

என் காரில் இருப்பது என்ன வகை ஸ்டியரிங் என்றே தெரியாது. அது முக்கியமா?

முக்கியம். தேடும் சொல்லே மாறிவிடும். பொதுவாகப் பழைய கார்களில் நான்கு வகை பார்க்கலாம்: வார்ம் அண்ட் ரோலர், கேம் அண்ட் பெக், ரீசர்குலேட்டிங் பால், ரேக் அண்ட் பினியன். முதல் மூன்றிலும் ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து கீழே தொங்கும் ஒரு ஆர்ம், அப்புறம் வரிசையாகக் கம்பிகள். ரேக் என்றால் குறுக்காக ஒரு நீளக் குழாய், இரு முனையிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் (தூசி போகாமல் மூடும் உறை).

"ரேக் என்றால் புது கார்" என்று நினைக்க வேண்டாம். சிட்ரோயன் டிராக்ஷன் அவாந்தில் 1936-லேயே ரேக் வந்துவிட்டது, மாரிஸ் மைனரில் 1948-ல் முதல் நாளிலிருந்தே உண்டு. மறுபுறம் மெர்சிடிஸ் டபிள்யூ123 மாதிரி 1980-களில்கூட ஓடிய கார்களில் ரீசர்குலேட்டிங் பால் பாக்ஸ்தான். ஒரே வரிசைக் கார்களிலும் நடுவில் மாறியிருக்கும்: ஜாகுவார் எக்ஸ்கே120-ல் பாக்ஸ், அடுத்து வந்த எக்ஸ்கே140-ல் ரேக்.

வருஷம் சொன்னேன், மாடல் சொன்னேன், வந்த பாகம் பொருந்தவில்லை. ஏன்?

வருஷத்தை நம்பித் தேடினால் இப்படித்தான் ஆகும். ஆலைகள் ஜனவரி முதல் தேதி பார்த்து மாற்றுவதில்லை, இருப்பு தீர்ந்ததும் அடுத்ததைப் போடுவார்கள். அதனால் பாகங்களின் புத்தகத்தில் "இந்தச் சேஸிஸ் எண் வரை இது, அதற்கு மேல் அது" என்றுதான் இருக்கும். உங்கள் சேஸிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள வருஷம் விற்ற வருஷமாக இருக்கும், செய்த வருஷம் முந்தையதாக இருக்கலாம்.

இன்னொன்று, இடப்பக்க ஸ்டியரிங் காரின் பாக்ஸும் ரேக்கும் வலப்பக்கக் காருக்கு ஆகாது. டை ராடு எண்டு, பால் ஜாயின்ட் போன்றவை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் நீளமான இணைப்புக் கம்பிகள் மாறலாம். விற்பவர் வேறு தேசத்தில் இருந்தால் இதை முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது காரணம், உங்களுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர். ஐம்பது வருஷத்தில் யாரோ வேறு காரின் ஆர்மையோ ராடையோ மாட்டியிருப்பார். புத்தகம் சொல்வது சரி, உங்கள் கார்தான் புத்தகப்படி இல்லை.

பாக எண் எங்கே இருக்கும்? இரும்பில் ஒரு எண் அச்சாகியிருக்கிறதே, அதுதானா?

வார்ப்பில் எழுந்து நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு எண், பாக எண் அல்ல. ஒரே வார்ப்பிலிருந்து இரண்டு மூன்று விதமாகக் கடைந்து வெவ்வேறு பாக எண் கொடுத்திருப்பார்கள். தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள், ஆனால் வார்ப்பு எண் ஒத்துப்போனது என்பதற்காகப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். பழைய ஃபோக்ஸ்வாகன் எண்களில் முதல் மூன்று இலக்கம் வண்டி வகை. அடுத்த மூன்றில் முதல் இலக்கம் 4 என்றால் முன் அச்சும் ஸ்டியரிங்கும் சேர்ந்த பிரிவு. மெர்சிடிஸில் 46 என்ற பிரிவு ஸ்டியரிங், ஆனால் டை ராடு 33-ல், அதாவது முன் அச்சுப் பிரிவில் இருக்கும். ஸ்டியரிங் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு "டை ராடே போடவில்லை" என்று புத்தகத்தைத் திட்டியவர்கள் உண்டு (நானும்தான்). பிரிட்டிஷ் கார்களுக்கு யூனிபார்ட் என்ற பாக நிறுவனம் கொடுத்த எண்களில் ஜிஎஸ்ஜே என்று ஆரம்பிப்பவை ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகள்.

பழைய எண் ரத்தாகிப் புது எண் வந்திருக்கலாம், அதற்குப் பிறகு இன்னொன்றும் வந்திருக்கலாம். அந்தச் சங்கிலியைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு போங்கள். நடுவில் ஏதோ ஒரு எண்ணில் சரக்கு கிடக்கும்.

எண் அழிந்துவிட்டது, புத்தகமும் இல்லை. அளந்து வாங்க முடியுமா?

முடியும். சொல்லப்போனால் எண்ணை விட அளவையே நான் நம்புவேன். கழற்றிய பழைய பாகம்தான் உங்களிடம் உள்ள மிகச் சிறந்த பட்டியல், அதைக் குப்பையில் போடாமல் இருந்தால். ஒரு டை ராடு எண்டு என்றால் ஐந்து அளவு வேண்டும்: ராடில் ஏறும் மரையின் விட்டமும் மரை இடைவெளியும், அந்த மரை வலதா இடதா, ஸ்டட் டேப்பரின் (மூட்டிலிருந்து நீளும் தண்டின் கூம்புப் பகுதி) இரு முனை விட்டங்கள், டேப்பரின் நீளம், நட்டு ஏறும் மரை. இவற்றோடு ஸ்டட்டின் மையத்திலிருந்து மரை முனை வரை உள்ள மொத்த நீளமும் குறித்துக்கொண்டால் நல்லது.

மரையில் ஒரு பொறி இருக்கிறது. 1/2 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை) என்பது அங்குலத்துக்கு 20 மரை, அதாவது விட்டம் 12.7 மி.மீ., இடைவெளி 1.27 மி.மீ. மெட்ரிக் எம்12 (விட்டம் 12 மி.மீ.) நுண்மரையின் இடைவெளி 1.25. இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால் எம்12 ஸ்டட்டில் அரை அங்குல நட்டு ஜோராக ஏறும், கையால் சுற்றும்போது "ஆஹா, பொருந்திவிட்டது" என்று தோன்றும். விட்டத்தில் 0.7 மி.மீ. குறைவு, ஆகவே மரைப் பற்களின் நுனி மட்டுமே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இறுக்கும்போதே உருவிக்கொண்டால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருவாமல் நின்றால் அது ரோட்டில் உருவும். மரை அளக்கும் இலைக்கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கண் மதிப்பு இங்கே வேலைக்கு ஆகாது.

டேப்பர் டேப்பர் என்கிறார்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மூட்டின் ஸ்டட் கூம்பு மாதிரி சரிந்திருக்கும், ஸ்டியரிங் ஆர்மின் துளையும் அதே சரிவில் இருக்கும். நட்டை இறுக்கும்போது கூம்பு துளைக்குள் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும், பிடிமானம் முழுக்க அந்தக் கூம்பில்தான், நட்டு அதை இழுத்து வைக்க மட்டும். சரிவு வண்டிக்கு வண்டி மாறும். பரவலாகப் பார்ப்பவை 1-க்கு 8, 1-க்கு 10. முதலாவது ஏறக்குறைய 7 டிகிரி, இரண்டாவது 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது.

வெர்னியரால் கண்டுபிடிக்கலாம். டேப்பரில் சரியாக 10 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். இரு கோட்டிலும் விட்டத்தை அளங்கள். வித்தியாசம் 1.25 மி.மீ. என்றால் 1-க்கு 8. சரியாக 1 மி.மீ. என்றால் 1-க்கு 10. கால் மில்லிமீட்டர்தான் பேச்சு, அதனால் மூன்று முறை அளந்து பாருங்கள்.

பாகம் வந்த பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. மார்க்கர் பேனாவால் ஸ்டட்டின் கூம்பில் மேலிருந்து கீழாக நான்கு கோடு இழுங்கள். துடைத்துச் சுத்தம் செய்த துளைக்குள் வைத்து அழுத்தி, கொஞ்சம் திருகி, வெளியே எடுங்கள். கோடுகள் முழு நீளத்துக்கும் தேய்ந்திருந்தால் சரி. ஒரு முனையில் மட்டும் தேய்ந்து மறுமுனையில் மை அப்படியே பளபளவென்று இருந்தால் சரிவு வேறு, அந்த எண்டைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டட் ஒவ்வொரு குழியிலும் நுணுக்கமாக அசையும், அசைந்து அசைந்து களைத்து ஒருநாள் முறியும். எவ்வளவு இறுக்கினாலும் இதைத் தடுக்க முடியாது.

இடது மரை, வலது மரை குழப்பம் எப்படித் தீர்ப்பது?

பல டை ராடுகளில் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. ராடை மட்டும் சுழற்றினால் நீளம் கூடவோ குறையவோ செய்யும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இடது மரை நட்டுகளின் மூலைகளில் பெரும்பாலும் ஒரு சின்ன வெட்டு இருக்கும். துருவைத் துடைத்தால் தெரியும்.

ஒரு நண்பரின் பீட்டிலுக்கு நான்கு எண்டு வரவழைத்தோம். நான்கும் வலது மரை. பெட்டி மேல் இடது என்று ஒட்டியிருந்தது, உள்ளே இருந்தது வலது. வண்டியை அதற்குள் பிரித்துப் போட்டிருந்ததால் இரண்டு வாரம் அது ஸ்டாண்டு மேலேயே நின்றது. அன்றிலிருந்து என் பழக்கம் இதுதான்: பெட்டியைத் திறந்து மரையைப் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுப்பேன்.

இந்தப் பாகம் இப்போது யாருமே செய்வதில்லை என்கிறார்கள். வேறு வழி?

"யாருமே செய்வதில்லை" என்பதற்குப் பெரும்பாலும் "உங்கள் காரின் பெயரில் செய்வதில்லை" என்றுதான் பொருள். சின்னக் கம்பெனிகள் ஸ்டியரிங்கைத் தாங்களே வடிவமைப்பது அபூர்வம், அடுத்தவர் அலமாரியிலிருந்து எடுத்துப் போடுவார்கள். 1958-ல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டின் ரேக் மாரிஸ் மைனரிலிருந்து வந்தது. லோட்டஸ் எலானின் முன்பக்கத்தைப் பார்த்தால் டிரையம்ஃப் ஹெரால்டின் வாசனை அடிக்கும். பாக்ஸ் என்றால் பர்மன், கேம் கியர்ஸ், இசட்எஃப், ஜெம்மர், சாகினா போன்ற ஒரு சிலர்தான் பல கார்களுக்குச் செய்து கொடுத்தார்கள். பாக்ஸின் மூடியிலோ பக்கவாட்டிலோ அந்தப் பெயர் இருக்கும். கார் பெயரை மறந்துவிட்டு அந்தப் பெயரையும் வகையையும் வைத்துத் தேடிப் பாருங்கள்.

அதே மாதிரி, உங்கள் காரின் தம்பி வேறெங்காவது பல வருஷம் தயாரிப்பில் இருந்திருக்கலாம். பீட்டில் மெக்சிகோவில் 2003 வரை தயாரானது. 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அம்பாசிடராகி 2014 வரை வந்தது. ஃபியட் 124-ஐ அடிப்படையாக வைத்துத்தான் லாடா 2101 வந்தது. இப்படிப்பட்ட உறவுக்காரர்களின் பாகம் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், தம்பி வளர வளர அண்ணனை விட்டு விலகியிருப்பான். ஆனால் மேலே சொன்ன ஐந்து அளவுகளை ஒப்பிட ஆரம்பிக்க இதை விட நல்ல இடம் இல்லை.

அப்புறம், ஒரு காரில் மட்டுமே கவனம் செலுத்தும் உரிமையாளர் சங்கங்கள். புதிதாகச் சேருகிறவர் முதல் நாளே "பாகம் இருக்கா" என்று கேட்டால் பதில் வராது, "இந்த அளவு, இந்தப் படம், இந்தச் சேஸிஸ் எண்" என்று கேட்டால் யாராவது ஒரு பெரியவர் தன் கொட்டகையைத் திறப்பார்.

பழைய இருப்பு, பெட்டி பிரிக்காத அசல் சரக்கு கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

இரும்புக்கு வயசாகாது, ரப்பருக்கும் கிரீஸுக்கும் ஆகும். நாற்பது வருஷம் பெட்டியில் இருந்த டை ராடு எண்டில் கிரீஸ் மெழுகாகியிருக்கும், பூட்டை விரலால் அமுக்கினால் பிஸ்கட் மாதிரி உடையும். தனியாகப் பூட் மட்டும் கிடைக்கும், மாற்றிவிட்டு, கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழையது வெளியேறும் வரை புதிது ஏற்றி, மூட்டை நாலு பக்கமும் அசைத்துப் பார்த்துப் போடலாம். அசைப்பில் சீரான இறுக்கம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் சிக்கி விடுபட்டால் உள்ளே துரு. முழுக்க ரப்பரே வேலை செய்யும் புஷ், கப்ளிங் போன்றவற்றைப் பழைய இருப்பில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

புதிதாகச் செய்து விற்கும் மாற்றுப் பாகங்கள் எப்படி?

கலவை. சில அசலை விட நன்றாக இருக்கும், சில ஆறு மாதம் தாங்காது, விலை பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. கையில் எடுத்ததும் பாருங்கள்: புது மூட்டின் ஸ்டட் தன் எடைக்கே சாய்ந்து விழுந்தால் அது புதிதாகவே பழசு. கூம்பில் கடைசல் வரிகள் நகத்தில் தட்டுப்பட்டால் வேண்டாம். பூட் மட்டும் மட்டமாக இருந்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் (இது அடிக்கடி நடக்கும்) பழைய பாகத்தின் நல்ல பூட்டை எடுத்துப் போட்டுவிடலாம்.

கழற்றி விற்கும் பழைய பாக்ஸ் அல்லது ரேக் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பாக்ஸ் என்றால் உள்ளே வரும் ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைப்பது போல நறநறப்பு இருக்கக் கூடாது. சரியாக நடுவில் வரும்போது லேசாக இறுக்கம் தெரிய வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருப்பார்கள். நடுவில் லொடலொட, கோடியில் இறுக்கம் என்றால் தேய்ந்த பாக்ஸ். முடிந்தால் எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். வெயிலில் மினுமினுத்தால் உள்ளே உலோகம் உதிர்ந்திருக்கிறது.

ரேக் என்றால் பூட்டை நீக்கி, பற்களில் நடுப் பகுதியைப் பாருங்கள். நேர்ச் சாலையில் ஓடிய தேய்மானம் முழுவதும் அங்கேதான் விழும். பூட் கிழிந்த நிலையில் பல வருஷம் வெளியே கிடந்த ரேக்கைச் சும்மா கொடுத்தாலும் யோசியுங்கள்.

தூரத்திலிருந்து வாங்கினால் படம் கேளுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. ஷாஃப்ட் முனையில் உள்ள ஸ்பிளைன் பற்களை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். சாகினா பாக்ஸ்களில் மட்டும் 3/4 அங்குலம் 30 பல், 13/16 அங்குலம் 36 பல் என்று விதங்கள் உண்டு, கப்ளிங் மாறிப்போனால் எதுவும் எதிலும் ஏறாது.

பாக்ஸ் மேல் ஒரு ஸ்க்ரூ இருக்கிறதே, அதை இறுக்கினால் ஆட்டம் போய்விடாதா?

கொஞ்சம் போகும், சரியாகச் செய்தால். மற்ற மூட்டுகளை எல்லாம் சரிபார்த்த பிறகு, முன் சக்கரங்களைத் தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி வந்து நடுவில் நிறுத்தி, அங்கே மட்டும் இறுக்க வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கும் குறைவாக. தேய்மானம் நடுவில் அதிகம், கோடியில் குறைவு. நடுவில் ஆட்டமே இல்லாத அளவுக்கு இறுக்கினால் திருப்பத்தில் பாக்ஸ் கவ்விப் பிடிக்கும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. வேகமாகப் போகும்போது அது ஆட்டத்தை விட மோசம்.

பாகமே கிடைக்காவிட்டால் இருப்பதைப் புதுப்பிக்கலாமா? வெல்டு வைக்கலாமா?

புதுப்பிக்கலாம். வெல்டு வைக்கக் கூடாது.

பாக்ஸை நல்ல லேத் பட்டறையில் கொடுத்தால் வெண்கல புஷ் புதிதாகக் கடைந்து போடுவார்கள், செக்டர் ஷாஃப்டின் (பிட்மேன் ஆர்ம் மாட்டியிருக்கும் தண்டு) தேய்ந்த இடத்தைச் சாணை பிடித்து அதற்கேற்ற புஷ்ஷில் உட்கார வைப்பார்கள். ரீசர்குலேட்டிங் பால் வகையில் சற்றே பெரிய குண்டுகள் போட்டு ஆட்டத்தைக் குறைப்பதும் உண்டு. பேரிங், ஆயில் சீல் இரண்டும் பெரும்பாலும் பொது அளவுகளில் இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் சொன்னால் பேரிங் விற்பவரே எடுத்துத் தருவார், கார் பெயரே சொல்ல வேண்டாம். கிங் பின் புஷ் போட்டால் இரண்டு புஷ்களையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட வேண்டும், அதற்கான நீள ரீமர் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

ஸ்டியரிங் ஆர்ம், பிட்மேன் ஆர்ம், டை ராடு, முன் சக்கர நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) இவற்றில் வெல்டிங், சூடு வைத்து வளைத்தல், வளைந்ததை நிமிர்த்தல் எதுவும் கூடாது. இவை அடித்து உருவாக்கி, சூட்டுப் பதம் கொடுத்தவை. டார்ச் பட்டதும் அந்தப் பதம் போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. அழகுக்காக குரோம் பூசுவதும் ஆபத்து, பூச்சு வேலையில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கடின எஃகை நொறுங்கச் செய்யும். பழைய ஆர்மைத் திரும்பப் போடும் முன் டை பெனட்ரன்ட் என்கிற சாயம் தெளித்து விரிசல் பார்த்துவிடுங்கள். தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் மயிரிழை விரிசல்கூடச் சிவப்புக் கோடாக எழுந்து வரும்.

பழைய எண்டு ஆர்மை விட்டு வரவே மாட்டேன் என்கிறது.

கவட்டை மாதிரி இருக்கும் கருவியை அடித்துச் செருகினால் வரும், பூட்டும் கிழியும். பழைய எண்டு எப்படியும் குப்பைக்கு என்றால் பரவாயில்லை. எனக்குப் பிடித்தது இரண்டு சுத்தியல் முறை. நட்டைத் தளர்த்துங்கள், முழுக்க எடுக்காதீர்கள். ஆர்மில் ஸ்டட் நுழையும் கண் இருக்கிறதே, அதன் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப் பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. அடி விழுவது ஆர்மின் கண்ணில், மரையில் அல்ல. கண் ஒரு கணம் நசுங்கி விரியும், கூம்பு 'டொக்' என்று இறங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் மனசுக்கு ஒரு நிம்மதி.

கழற்றும்போது ராடிலிருந்து எத்தனை சுற்றில் எண்டு வெளியே வந்தது என்று எண்ணிக் காகிதத்தில் எழுதுங்கள். உள்ளங்கையில் எழுதாதீர்கள். எழுதி, வியர்த்து, அழிந்து, பதினேழா பத்தொன்பதா என்று உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

ஸ்டியரிங் வீலைக் கழற்றச் சுத்தியலால் தட்டலாமா?

வேண்டாம், புல்லர் பயன்படுத்துங்கள். அமெரிக்க விதிகளின்படி 1968 முதல் கார்களில் மோதலின்போது உள்வாங்கும் ஸ்டியரிங் காலம் (வீலுக்குக் கீழே ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் குழாய்) வந்தது, அந்த வகையில் ஷாஃப்டைத் தட்டினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஊசிகள் அறுந்து அந்தக் குழாயே சுருங்கிவிடலாம். வீலில் விரிசல் விட்டிருந்தால் எபாக்சி அடைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம், ஆனால் உள்ளிருக்கும் இரும்பு வளையத்திலோ ஸ்பிளைனிலோ பழுது என்றால் அந்த வீலைச் சுவரில் மாட்டுங்கள்.

பாக்ஸுக்கு, ரேக்குக்கு எண்ணெயா கிரீஸா?

புத்தகம் சொன்னது. பல பழைய பாக்ஸ்களுக்கும், பிரிட்டிஷ் ரேக்குகள் பலவற்றுக்கும் ஈபி 90 மாதிரியான கியர் ஆயில். ஒழுகுகிறது என்று கெட்டி கிரீஸைத் திணித்தால் அது ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்ளும், பல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வகையறாவின் கீழ் டிரன்னியனுக்கும் (முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு) எண்ணெய்தான், அங்கே நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுக்கிறவர்கள் அதிகம். சிட்ரோயனின் ஹைட்ராலிக் திரவங்களில் சிவப்பு எல்எச்எஸ், பச்சை எல்எச்எம் இரண்டும் வேறு வேறு ரப்பருக்கானவை, மாற்றி ஊற்றினால் சீல் எல்லாம் போகும்.

பாக்ஸைத் தூக்கிவிட்டுப் புதுக் காரின் ரேக்கைப் போட்டுவிடலாமே?

போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. ரேக்கின் உள் மூட்டுகளுக்கு இடையே உள்ள தூரமும் உயரமும் உங்கள் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் மூட்டுகளோடு இசைய வேண்டும். இசையாவிட்டால் மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தானாகத் திரும்பும், நீங்கள் நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி நேராகப் போகாது. அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ரேக்கை முன்னால் போட்டால் ஸ்டியரிங்கே தலைகீழாகும், இடது திருப்பினால் வலது போகும். ஒழுங்காக வடிவமைத்த கிட் என்றால் வேறு விஷயம், அதற்கும் உங்கள் ஊர்ப் போக்குவரத்து விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டியாயிற்று. இனி?

காசில் நட்டை (மேல் விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்டு) புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுவாருங்கள், பின்னால் தளர்த்தக் கூடாது. பின் புதிதாக இருக்கட்டும். எண்ணி வைத்த சுற்றுக்கு எண்டை ஏற்றினாலும் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) துல்லியமாக இருக்காது, அலைன்மென்ட் பார்க்கும் இடம் வரை மெதுவாக ஓட்டிப் போவதற்கு மட்டும் அது போதும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை கீழே படுத்து எல்லா நட்டிலும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.

கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம்தானே?

ஒரு சீட்டில் கார், சேஸிஸ் எண், தேதி, எந்தப் பக்கம் என்று எழுதிக் கம்பியால் கட்டி வைத்துவிடுங்கள். போன மாதம்கூட யாரோ ஒருவர் ஒரு ஐட்லர் ஆர்ம் ஸ்டட்டின் சின்ன முனை விட்டம் கேட்டார். பழைய பெயின்ட் டப்பாவில் கிடந்ததை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, அளந்து சொன்னேன்.